மைப்பேனா பிடித்தவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் விடுதியின் கைகழுவும் தொட்டி நீலமாகிவிடும். முதல் செமஸ்டரில் அங்கே பேனா கழுவிக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். இப்போது ஐந்தாவது செமஸ்டர், என்னோடு இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவன் நீலம், ஒருவன் கருப்பு, மூன்றாமவன் மாதம் ஒரு நிறம். துணி துவைக்க வாளியோடு வருகிறவர்கள் எங்களுக்காக ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மைப்பேனா ஆசை சீக்கிரம் தொற்றிக்கொள்ளும், அதே வேகத்தில் விட்டும் போகும். வாங்கிய இரண்டாவது வாரத்தில் "ஒழுகுது மச்சான்" என்றோ "எழுதவே மாட்டேங்குது" என்றோ சொல்லி இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். அப்படிக் கைவிடப்பட்ட பேனாக்கள் பலவற்றை வாங்கிப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே பழுதானவை ஒன்றோ இரண்டோதான். பால்பாயின்ட் பேனா பிடித்துப் பழகிய கை இதையும் அப்படியே பிடித்ததுதான் மற்றவற்றுக்கு வந்த வினை. அந்தப் பேனாக்களை எல்லாம் காப்பாற்றியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், பேனா எப்படி எழுதுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிப்பின் நடுவில் முடி அளவுக்கு ஒரு பிளவு இருக்கிறது. நிப்புக்கு அடியில், வரிவரியாக வெட்டிய ஒரு கட்டை. எங்கள் ஊரில் அதை நாக்கட்டை என்போம். விளக்குத் திரியில் எண்ணெய் தானாக ஏறுவதைப் போல, இந்த நுண்ணிய வழிகளில் மை தானாக நகர்ந்து முனைக்கு வருகிறது. காகிதத்தைத் தொட்டதும் காகிதத்தின் நார்கள் அதை இழுத்துக்கொள்கின்றன. உள்ளே ஒரு துளி குறைந்தால் அந்த இடத்துக்குக் காற்று போயாக வேண்டும். மை வெளியே வரவும் காற்று உள்ளே போகவும் நாக்கட்டையில் வழி செய்து, அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய பேனாவும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது. இதில் நம் கைபலத்துக்கு எங்கும் வேலை இல்லை.

அழுத்துவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். பால்பாயின்ட் பேனாவில் பசை மாதிரி கெட்டியான மை இருக்கும். அதன் முனையில் உள்ள குண்டு உருள வேண்டுமானால் பேனாவைக் கொஞ்சம் செங்குத்தாகப் பிடித்து அழுத்தத்தான் வேண்டும். லாஸ்லோ பிரோ 1938இல் அதற்குக் காப்புரிமை பெற்றதிலிருந்து உலகத்தின் கைகள் அதற்குப் பழகிவிட்டன. நிப்பை அப்படி அழுத்தினால் அதன் இரண்டு கால்களும் அகலும். பிளவு அகலமானால் மை ஏறும் அந்த நுண்வழி அறுந்துபோகும். எழுத்து காயும். காய்ந்தால் என்ன செய்வோம்? இன்னும் அழுத்துவோம். கால்கள் அகன்றபடியே நின்றுவிடும்.

பேனாவைத் தாளுக்குப் படுக்கவைத்தாற்போல, ஏறக்குறைய 45 முதல் 55 டிகிரி சாய்வில் பிடியுங்கள். நிப்பின் பிளவு மேலே பார்த்திருக்க வேண்டும், பக்கவாட்டில் திரும்பக் கூடாது. எவ்வளவு லேசாகப் பிடிப்பது என்பதற்கு நாங்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறோம். எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவன் பேனாவை மேலே இழுத்தால், கை எதிர்ப்பே காட்டாமல் விட வேண்டும். முதல் வாரம் யாருக்கும் வராது. மூன்று மணி நேரத் தேர்வு எழுதியும் விரல் வலிக்காத நாள் வந்தால் பழகிவிட்டது என்று பொருள்.

மை வராத நிப்பின் பிளவில் பிளேடைச் செருகி இழுப்பது இதற்கு அடுத்த தவறு. பள்ளியில் எல்லோரும் செய்திருப்போம். பிளேடு அழுக்கை எடுக்கும்தான், அதோடு பிளவின் உள்விளிம்பையும் சீவிவிடும். பிறகு அந்த நிப் தாளைக் கீறிக்கொண்டே எழுதும். தரையில் தேய்ப்பதும் அப்படித்தான். நிப்பின் நுனியில் பொட்டு மாதிரி ஒட்டியிருப்பது தேயாத, கடினமான உலோகக் கலவை. சிமென்ட் தரையில் தேய்த்து அதைச் சரிசெய்ய முடியாது, கோணலாக்கத்தான் முடியும். முக்கால்வாசி அடைப்புகள் வெறும் தண்ணீரில் ஓர் இரவு ஊறினாலே போய்விடும்.

இரவல் கொடுத்தால் நிப் அடுத்தவர் கைக்குப் பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு வரி எழுதுவதால் அந்தக் கடினமான நுனி தேய்ந்துவிடாது. ஆனால் வாங்குகிறவர் பால்பாயின்ட் கைக்காரராக இருந்தால், ஒரே கையெழுத்தில் நிப்பின் கால்கள் அகன்றுவிடும். ஆகவே காரணம் வேறு என்றாலும் அறிவுரை சரிதான். பைக்குள் ஒரு பால்பாயின்ட் பேனாவும் வைத்திருங்கள், கேட்பவர்களுக்கு அதைக் கொடுங்கள்.

பாதி மையோடு பயணம் போவது

முதலாம் ஆண்டு மே மாதம் ஊருக்குப் போகும் பேருந்தில் என் வெள்ளைச் சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பரவியது. மூடி கெட்டியாகத்தான் மூடியிருந்தது. பேனாவிலும் விரிசல் இல்லை. பிறகுதான் காரணம் புரிந்தது.

ஃபில்லரால் நேராகப் பேனாவின் உடலுக்குள் மை ஊற்றும் பேனாக்களில் மை குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். சூடானால் காற்று மையைவிடப் பல மடங்கு விரியும். விரிந்த காற்றுக்கு வெளியேற ஒரே வழி நாக்கட்டை, அங்கே முன்னால் நிற்பது மை. அதைத் தள்ளிக்கொண்டுதான் வரும். உடம்புச் சூடு, பேருந்தின் வெக்கை, எழுதும்போது உள்ளங்கைச் சூடு, எதுவும் இதற்குப் போதும். தேர்வின் கடைசி அரை மணியில் திடீரென்று பெரிய சொட்டாக விழுவதும் இதனால்தான். அப்போது மை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கும்.

அதனால் மை பாதிக்குக் கீழே இறங்கும்போதே நிரப்பிவிடுங்கள். வெளியூர் போவதானால் முழுதாக நிரப்பியோ முழுதாகக் காலி செய்தோ எடுத்துப் போங்கள், நிப் மேலே பார்த்தபடி வையுங்கள். கார்ட்ரிட்ஜ் (மை அடைத்து வரும் சிறு குழாய்), கன்வெர்ட்டர் (மையை உறிஞ்சி நிரப்பும் சிறு குழாய்) போட்ட பேனாக்களில் காற்றுக்கு இடம் குறைவு, தொல்லையும் குறைவு. கழுத்து மரையில் கசிந்தால் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு போதும். வாசலின் தடவாதீர்கள். உள்ளே ரப்பர் வளையம் இருந்தால் வாசலின் நாளடைவில் அதைக் கெடுத்துவிடும்.

சட்டையில் பட்டால் காயவிடக் கூடாது. உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். தேய்த்தால் பரவும். கறை போகும்வரை வெந்நீரும் இஸ்திரிப் பெட்டியும் பக்கத்தில் வரவே கூடாது, சூடு பட்டால் சாயம் நூலில் நிலைத்துவிடும்.

கண்ட மையையும் ஊற்றுவது

கேம்லின் நிறுவனம் 1931இல் தொடங்கியதே மை விற்கத்தான். அன்றிலிருந்து நம் ஊர்ப் பெட்டிக்கடை வரைக்கும் மைப்பேனாவுக்கென்றே செய்த மை கிடைக்கிறது. இருந்தும், பளிச்சென்று கருப்பாக இருக்கிறதே என்று படம் வரையும் இந்தியன் இங்க்கை வாங்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் கரித்தூளும் அதைக் காகிதத்தில் ஒட்டவைக்க அரக்கும் இருக்கும். காய்ந்தால் தண்ணீரில் கரையாது. நாக்கட்டையின் வரிகளில் அது ஒருமுறை காய்ந்தால் அந்தப் பேனாவை மீட்பது பெரும்பாடு.

வீட்டில் கடுக்காய் மை செய்து பார்க்கும் ஆசை எனக்கும் வந்தது. வேதியியல் மாணவனுக்கு வராமல் இருக்குமா? கடுக்காயில் உள்ள டானினும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்து, காற்றுப் படப்பட வெளிர்நிறம் கருப்பாக மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அவ்வளவு அழகு. ஆனால் அதைத் தொட்டு எழுதும் கட்டைப்பேனாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வண்டல் படியும், அமிலத்தன்மையும் உண்டு. மைப்பேனாவின் எஃகு நிப்பை அது அரிக்கும்.

இரண்டு நிற மையைக் கலந்து புது நிறம் செய்வது இன்னொரு ஆசை. எங்கள் மாதம்-ஒரு-நிறக்காரன் வெவ்வேறு கம்பெனிகளின் நீலத்தையும் பச்சையையும் கலந்து மயில்கழுத்து நிறம் கொண்டுவந்தான். மறுநாள் பேனாவுக்குள் சேறு மாதிரி திரிந்து கிடந்தது. ஒரு மையின் சாயம் அமிலக் கரைசலில் இருக்கும், இன்னொன்று காரத்தில். சேர்ந்தால் சில சாயங்கள் திப்பியாக அடியில் தங்கிவிடும். கலக்கக் கூடாது என்று சொல்லவில்லை. முதலில் சிறிய கண்ணாடிக் குப்பியில் கலந்து இரண்டு நாள் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் பேனாவுக்குப் போகலாம். நிறம் மாற்றும்போது பேனாவைக் கழுவாமல் அடுத்த மையை ஊற்றுவதும் இதே தவறுதான்.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும். வெந்நீர் நாக்கட்டையை வளைத்துவிடும். தின்னரும் ஸ்பிரிட்டும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

பேனாவைக் குறை சொல்லும் முன் தாளைப் பாருங்கள்

எழுத்தின் ஓரங்களில் பூரான் கால் மாதிரி மை பிரிந்து ஓடுகிறதா? பின்பக்கம் ஊறித் தெரிகிறதா? அநேகமாகப் பேனாவின் மீது தவறில்லை. காகிதம் நார்களின் வலை. அதை உறிஞ்சவிடாமல் தடுக்க ஆலையில் ஒரு பூச்சுப் பசை சேர்ப்பார்கள். அது குறைந்த தாளில் மை நாரோடு ஓடும். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) கூடுதலாக இருந்தால் நல்ல தாள் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். தடிமனான தாளிலும் மை பரவலாம், மெல்லிய தாளிலும் நிற்கலாம். கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். அதைப் பற்றி வகுப்பில் படித்த பிறகு நான் நோட்டு வாங்கும் கடையில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கடைசிப் பக்க மூலையில் ஒரு 'உ' போட்டுப் பார்ப்பேன். அது பரவாமல் நின்றால் ஆறு நோட்டும் அதே கட்டிலிருந்து வாங்குவேன்.

தேர்வுக்கு வருவோம். தேர்வுக்கென்று முந்தின நாள் புதுப் பேனா வாங்காதீர்கள். குறைந்தது ஒரு பாடத்தின் குறிப்பாவது அதில் எழுதியிருக்க வேண்டும். நம் பிளஸ் டூ வினாத்தாளிலேயே எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மை, படத்துக்குப் பென்சில் என்று அச்சிட்டிருக்கும். மயில்கழுத்து நிறம் விடுதியோடு இருக்கட்டும். ஓஎம்ஆர் தாளுக்குப் பால்பாயின்ட் பேனாதான். ஆய்வகத்திலும் அளவீடுகளை அதில்தான் குறிக்கிறேன், பியூரெட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் நீல மையில் எழுதிய எண் கரைந்தே போய்விடும்.

சரஸ்வதி பூஜைக்குப் பேனாவையும் படத்தின் முன்னால் வைப்போம், சந்தனம் குங்குமம் இடுவோம். தயவுசெய்து மூடியில் இடுங்கள். நிப்பில் இட்ட சந்தனம் பிளவுக்குள் இறங்கிக் காய்ந்துவிடும். விஜயதசமி காலையில் பேனாவை எடுத்தால் பிள்ளையார் சுழியே வராது.

கடைசியாக ஒன்று: பத்திரப்படுத்துவது. நல்ல பேனா கிடைத்ததும் கெட்டுவிடுமோ என்று மையோடு பெட்டியில் பூட்டிவைப்பார்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, சாயம் மட்டும் கல்லாகும். எழுதாமல் வைப்பதானால் கழுவிக் காயவைத்து வையுங்கள். எழுதுவதானால் தினமும் நாலு வரி எழுதுங்கள்.

என் தாத்தாவின் கருப்புப் பேனா அப்படித்தான் பீரோவில் இருந்தது. எபொனைட் பேனா. ரப்பரும் கந்தகமும் சேர்த்து இறுக்கிய தண்டைக் கடைசல் பிடித்துச் செய்வது. திருவள்ளூரில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். எபொனைட்டை நீண்ட நேரம் தண்ணீரில் போட்டால் கருப்பு மங்கிப் பழுப்பாகும். அதனால் ஒரு டம்ளரில் நிப் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் வைத்து நிறுத்தினேன். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நிப்பின் கண்ணிலிருந்து நூல் மாதிரி நீலம் இறங்கியது, அடியில் போய்ச் சுருண்டது. மறுநாள் காலைக்குள் மூன்று டம்ளர் தண்ணீர் மாற்றினேன்.

துடைத்து, மை ஊற்றி, சுழி போட்டேன். இரண்டாவது வரியில் எழுத்து விட்டுவிட்டு வந்தது. எனக்கே தெரியாமல் கை இறுகியிருந்தது. "அழுத்தாதடா, அதுவா வரும்" என்று தாத்தா பேனாவை வாங்கிக்கொண்டார். காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் அந்த மாதத்துப் பால் கணக்கை முதல் தேதியிலிருந்து எழுத ஆரம்பித்தார்.