பிள்ளைகளுக்கு எகிப்தைக் காட்டுவது எப்படி? பிரமிடை விடுங்கள், தண்ணீரில் தொடங்குங்கள்

வேற்று நாடு ஒன்றை வகுப்பில் அறிமுகம் செய்யச் சொன்னால் நம் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: ஒரு சார்ட் அட்டை, அதில் கொடி, தலைநகரம், நாணயம், மக்கள்தொகை. ஆண்டு விழாவில் அந்த நாட்டு உடை போட்டு ஓர் ஆட்டம். அடுத்த வாரம் கேட்டால் கொடியின் நிறம் மட்டும் சில பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும்.

நான் வேறு வழியில் போகிறேன். எந்த நாடாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியை விளக்கவே வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சா, போரில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பாடு, தொழில், திருவிழா, சண்டை எல்லாம் தண்ணீரின் பின்னாலேயே வந்துவிடும்.

இங்கே எகிப்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். ஐந்து முதல் எட்டாம் வகுப்பு வரை பொருந்தும். வாரம் இரண்டு பீரியட் வீதம் மூன்று வாரம் ஒதுக்கினால் போதும். முதல் முறை செய்பவர்கள் ஒரு நாட்டோடு நிறுத்துங்கள். ‘உலக நாடுகள்’ என்று ஐந்து நாடுகளை ஒன்றாகத் தொட்டால் மறுபடி சார்ட் அட்டையில்தான் போய் நிற்போம்.

படி 1: முதலில் நம் ஊர்த் தண்ணீர்

எகிப்து என்ற பேச்சையே எடுக்காதீர்கள். "உங்க அப்பாருகிட்ட, அம்மிச்சிகிட்ட, அந்தக் காலத்துல தோட்டத்துக்கு எப்படித் தண்ணி எறைச்சாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். மறுநாள் கவலை ஏற்றம், சால், வடக்கயிறு, பூட்டிய மாட்டின் பெயர் என்று கதைகள் வரும். வழக்கமாகப் பேசாத பிள்ளைகூட அன்றைக்குப் பேசும்.

அப்புறம் கரும்பலகையில் ஒரு கோடு. கோபி, ஈரோடு பக்கம் என்றால் நீலகிரியில் மழை, பவானி ஆறு, பவானிசாகர் அணை, கீழ்பவானி வாய்க்கால், வயல். உங்கள் ஊர் அமராவதிப் பாசனமோ, பரம்பிக்குளம் ஆழியாறோ, அதை வரையுங்கள். பிள்ளைகள் வாயிலிருந்து வரவேண்டிய விஷயம் ஒன்று உண்டு: மழை பெய்வது வேறு இடத்தில், தண்ணீர் வந்து சேர்வது நம் இடத்தில். வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் பச்சை, மேல்பக்கம் மேட்டாங்காடு. இது மனதில் பதிந்துவிட்டால் எகிப்தில் பாதி முடிந்த மாதிரி.

படி 2: தரையில் ஒரு வரைபடம்

மூன்று வாரத்தில் அதிக நேரம் இதற்குத்தான் போகும், போகட்டும். சுவர் வரைபடம் வேண்டாம். மைதானத்தில் 100 கிலோமீட்டருக்கு ஓர் அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எகிப்து கிழக்கு மேற்காகச் சுமார் 12 அடி, தெற்கு வடக்காகச் சுமார் 10 அடி வரும். திசைகாட்டி வைத்து உண்மையான வடக்கைப் பார்த்தே வரையுங்கள். மேற்கும் தெற்கும் ஏறக்குறைய நேர்க்கோடு என்பதால் சுண்ணாம்புத் தூளில் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். வடக்கே மத்தியதரைக் கடல், கிழக்கே செங்கடல். வடகிழக்கு மூலையில் முக்கோணமாகத் தொங்குவது சினாய். எகிப்து ஆப்பிரிக்க நாடு என்றாலும் இந்தத் துண்டு மட்டும் ஆசியாவில் இருக்கிறது.

நிரப்புவதற்குப் பனியன் கட்டிங் வேஸ்ட். திருப்பூர்ப் பக்கம் ஒரு மூட்டை கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். நீலத் துணியைப் பிரித்து நைல் ஆறு: அடிக்கோட்டின் நடுவாக்கில் நுழைந்து, வளைந்து வளைந்து மேலே போகும். அதன் இரு கரையிலும் பச்சைத் துணி, இரண்டு விரல்கடை அகலம் போதும். அதற்கு மேல் வைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். பள்ளத்தாக்கில் விளைநிலம் அகலமான இடத்திலேயே 20 கிலோமீட்டர் அளவுதான். கெய்ரோவுக்கு வடக்கே மட்டும் ஆறு கிளை பிரிந்து விசிறியாக விரியும். அந்த டெல்டா கடற்கரையில் இரண்டரை அடி அகலம் வரும். மீதி இடம் முழுக்க மணல்.

இப்போது வகுப்பில் 40 பேர் இருந்தால் 38 பேரைப் பச்சைத் துணியின் மேல் நிற்கச் சொல்லுங்கள். இரண்டே பேர் மணலில். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட எகிப்தியர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆற்றோரத்திலும் டெல்டாவிலும்தான் வாழ்கிறார்கள். தள்ளுமுள்ளு நடக்கும். "சார், இவன் என் காலை மிதிக்கிறானுங்க" என்று புகார் வரும். மணலில் நிற்கும் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். மக்கள் அடர்த்தி என்ற பாடத்தை இதைவிட நன்றாக நடத்தத் தெரியவில்லை எனக்கு.

செய்தித்தாளில் தமிழ்நாட்டை அதே கணக்கில் வெட்டிப் பக்கத்தில் வையுங்கள். நீளம் ஆறடி வரும். ஈரோடு மாவட்டம் ஒரு சாண்.

ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேளுங்கள். தெற்கிலிருந்து வடக்கே என்றால் நம்பமாட்டார்கள். சுவர் வரைபடம் பார்த்துப் பழகியவர்களுக்கு வடக்கு என்றால் மேடு. ஒரு தட்டில் ஈர மண்ணைப் பரப்பி, தெற்கு ஓரத்துக்கு அடியில் செங்கல் வைத்துச் சாய்த்து, சொம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். வாய்விளக்கம் தேவைப்படாது.

படி 3: மழைக் குச்சி

கோவையில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 70 செ.மீ. சுவரில் அந்த உயரத்துக்கு ஒரு கோடு. கெய்ரோவில் சுமார் 2 செ.மீ. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு, தரையை ஒட்டினாற்போல். தெற்கே அஸ்வானில் பல வருடங்கள் மழை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது.

அதோடு பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். யாராவது கேட்பார்கள்: "அப்ப ஆத்துல தண்ணி எப்படிங்க வருது?" படி 1 சரியாக நடந்திருந்தால் பதிலும் பிள்ளைகளிடமிருந்தே வரும். வேறு இடத்து மழை. எகிப்துக்கு வரும் நைல் தண்ணீரில் நூற்றுக்கு 85 பங்குக்கு எத்தியோப்பியா மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழைதான் காரணம். அதே மாதங்களில்தான் குடகிலும் நீலகிரியிலும் பெய்து காவிரியும் பவானியும் பெருகும். பவானி கூடுதுறை பார்த்த பிள்ளைக்கு இன்னொரு கூடுதுறையைக் காட்டலாம்: சூடானில் கார்த்தூம் நகரில் வெள்ளை நைலும் நீல நைலும் கலக்கின்றன. நமக்கு ஆடி 18. எகிப்தில் ஆகஸ்டில் நைல் பெருக்கை வரவேற்கும் வஃபா அந்நீல் விழா.

எட்டாம் வகுப்பு என்றால் ஒரு படி மேலே போகலாம். எத்தியோப்பியா நீல நைலின் குறுக்கே பெரிய அணை கட்டி 2025இல் திறந்தது. கீழே இருக்கும் எகிப்துக்கு அதில் பெரிய மனக்குறை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். காவிரிப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வாதம் தானாக வரும். எத்தியோப்பியா பக்கம் பேசுவதற்குத்தான் ஆள் சேர்க்கவேண்டியிருக்கும், அங்கே நன்றாகப் பேசும் பிள்ளையைப் போடுங்கள்.

படி 4: இரண்டு அணை, இரண்டு கோயில்

பவானிசாகர் 1955இல் முடிந்தது. நைலின் குறுக்கே அஸ்வான் உயர் அணை 1970இல். பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் டணாய்க்கன் கோட்டை முழுகியது, கோடையில் தண்ணீர் நன்றாக வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். அஸ்வானில் தேங்கும் நாசர் ஏரியில் முழுக இருந்த அபு சிம்பல் கோயிலை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் உயரத்தில் மறுபடி பொருத்தினார்கள். அங்கே ஆற்றோரம் வாழ்ந்த நூபியா மக்களின் ஊர்கள் முழுகிப்போயின, குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. அணை வந்தபின் வெள்ளம் நின்றது, மின்சாரம் வந்தது. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் நின்றுவிட்டதால் உரமும் தேவைப்பட்டது. இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள்.

படி 5: இப்போது பிரமிடு

கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள், சரி, திறந்துவிடலாம். யூடியூப் பார்த்த யாராவது "ஏலியன் கட்டுனதுங்க" என்பார்கள். சிரித்து ஒதுக்காமல் மெரரின் நாட்குறிப்பைச் சொல்லுங்கள். செங்கடல் கரையில் வாடி அல்ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் பப்பைரஸ் என்ற நாணல் தாள் ஏடுகள் கிடைத்தன. சுமார் 4,600 ஆண்டு பழையவை. மெரர் என்ற மேற்பார்வையாளர், தூரா சுரங்கத்துச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி நைல் வழியாகக் கூஃபு மன்னரின் பிரமிடுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். கல்லும் தண்ணீர் வழியாகத்தான் வந்தது. ஏலியன் கதையைவிட இந்த லோடு கணக்கு பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. அப்பா லாரி ஓட்டும் வீடென்றால் சொல்லவே வேண்டாம்.

மம்மிக்கு ஐந்து நிமிடம் போதும். நேட்ரான் என்ற உப்பு உடலின் ஈரத்தை இழுத்துவிடும், கருவாடு மாதிரி. டிஷ்யூ பேப்பர் சுற்றி ஒரு பிள்ளையை நிற்கவைப்பதெல்லாம் எனக்குப் பிடிப்பதில்லை. செத்தவரை அடக்கம் செய்த முறை அது.

படி 6: நொய்யலிலிருந்து நைல் வரை

சென்னிமலை பக்கத்தில், நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். அங்கே அகழாய்வில் கல்மணி செய்த பட்டறைகளும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயிலும் தமிழி எழுத்துள்ள ஓடு கிடைத்தது. அங்கே ஒரு கோயிலில், இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது, சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தையது.

வகுப்பில் ஆளுக்கு நாலு மிளகு கொடுங்கள். மேற்குக்கரை முசிறியில் கப்பல் ஏறி, பருவக்காற்றில் அரபிக்கடல் தாண்டி, பெரனிகேயில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, கோப்டோஸில் நைல் படகு பிடித்து அலெக்சாந்திரியா வரை, தரை வரைபடத்திலேயே நடந்து மிளகைக் கொண்டு சேர்க்கட்டும். திருப்பூர்ப் பெட்டியை ஐரோப்பாவுக்கு அனுப்ப இன்றைக்கு இதே பக்கம்தான் குறுக்கு வழி. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தது, நீளம் 193 கிலோமீட்டர், தரையில் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவாக ஒரு நீல நூல். நம் கீழ்பவானி வாய்க்காலும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் வழியை அடைத்தது. ஒரு பிள்ளையை நூலின் மேல் குறுக்காகப் படுக்கவைத்தால் மற்றவர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஓடவேண்டியதுதான்.

படி 7: இன்றைய பிள்ளை, இன்றைய சாப்பாடு

இதை விட்டுவிட்டால் எகிப்தியர் எல்லாரும் ஒட்டகத்தில் போகிறவர்கள் என்றே நிற்கும். கெய்ரோ சந்துகளில் ஓடும் மூன்று சக்கர ஆட்டோ பெரும்பாலும் நம் பஜாஜ். பள்ளி விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு காலை பை தூக்கவேண்டும். கால்பந்தாட்டக்காரர் முகமது சலா நைல் டெல்டாவில் நக்ரிக் என்ற கிராமத்துப் பையன். முஸ்லிம்கள் அதிகம், காப்டிக் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7.

கடைசி நாள் கோஷரி என்ற எகிப்தியச் சாப்பாடு சமைக்கலாம். சைவம், எல்லாம் மளிகைக் கடையில் கிடைக்கும். சத்துணவு அமைப்பாளரிடம் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். 30 பிள்ளைகள் ருசி பார்க்க அரிசி ஒரு கிலோ, தோலோடு இருக்கும் மைசூர்ப் பருப்பு அரைக் கிலோ, மக்ரோனி அரைக் கிலோ, ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை கால் கிலோ, பெரிய வெங்காயம் ஒரு கிலோ. வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கிக் கடலெண்ணெயில் கருஞ்சிவப்பாகும் வரை பொரித்து எடுங்கள். ருசி இதில்தான் இருக்கிறது, அவசரப்பட்டால் வதக்கிய வெங்காயம்தான் கிடைக்கும். அந்த எண்ணெயிலேயே பூண்டு, சீரகம், தக்காளி விழுது, கொஞ்சம் வினிகர் சேர்த்துச் சாறு. சோறு, பருப்பு, மக்ரோனி, கடலை என்று அடுக்கி, சாறு ஊற்றி, மேலே வெங்காயம். "ரசம் இல்லீங்களா?" என்று ஒரு குரல் வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

படி 8: என்ன கற்றார்கள் என்று பார்ப்பது

வினாடி வினா வைக்காதீர்கள், மறுபடி தலைநகரத்துக்கே போய்விடுவோம். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள். எத்தியோப்பியாவில் விழுந்த ஒரு மழைத்துளி கடல் சேரும் வரை வழியில் யார் யார் கையில் படுகிறது என்று படமாக வரையச் சொல்லுங்கள். திருத்தும்போது மூன்று இடம் பாருங்கள்: ஆறு வடக்கே போகிறதா, அணை டெல்டாவுக்குத் தெற்கே இருக்கிறதா, பச்சை ஒல்லியாக இருக்கிறதா. மூன்றும் இருந்தால் அடுத்த பருவத்தில் நெதர்லாந்துக்குப் போகலாம். நாட்டில் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே என்பதால் அங்கே கேள்வி தலைகீழ்: இவ்வளவு தண்ணீரை வெளியே தள்ளுவது எப்படி?