தீவுக் கரையில் ஓர் இரவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறை வந்தால் இலங்கையின் வடக்கே வன்னியின் மேற்குக் கரையில் இருந்து பொடியள் கூடாரத்தோடு படகேறுகிறார்கள். அவர்கள் ஏற்றுகிற சாமான்களைப் பார்த்தாலே அந்த இரவு எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம். நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகள்தான். தொப்பி, ரோச் லைற், நுளம்புத்திரி எல்லாம் எவருக்கும் தெரிந்தவை, அவற்றை விடுகிறேன்.

கிணற்றை நம்பிப் போவது

"அங்கை கிணறு இருக்குத்தானே அண்ணை?" இதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

கிணறு இருக்கிறது, சரி. அதற்குள் இருப்பது என்ன? சின்ன மணல் தீவில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால்தான் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை இருக்கும் என்பது கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள். நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் அடியில் உப்பு 40 அங்குலம் ஏறப் பார்க்கும். வாளி வாளியாக ஒரே மூச்சில் அள்ளினால் கிணறு உவர்ப்பது இதனால்தான். உவர்த்த கிணறு அடுத்த நாளே மாறிவிடாது. சில வேளை அடுத்த மாரி வரை காத்திருக்க வேண்டும்.

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்குகிற நேரத்தில் ஒரு கூட்டம் வந்தது. சோடாப் பெட்டி இரண்டு, குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு போத்தல். கடலில் குளித்துவிட்டு உப்புப் போகக் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு மறுபடி குளித்தார்கள். அந்த நுரை கிணற்றுக் கட்டைச் சுற்றி மணலுக்குள் இறங்கியது. மணலுக்குள் போவது கிணற்றுக்குத்தான் போகும். விடியக் குடத்தோடு வந்த அம்மா ஒருவர் கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "தம்பியவை, நீங்கள் இண்டைக்குப் போயிடுவியள். நாங்கள் இதைத்தானே குடிக்கோணும்" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று காற்று எழும்பிப் படகும் வரவில்லை. அதே தண்ணீரில்தான் அவர்களும் சோறு காய்ச்சினார்கள்.

இந்தக் கரைக்கு எதிரே இருக்கிற இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறித் திரும்பிப் போனவர்கள். கால் நூற்றாண்டு காத்திருந்து மீண்ட ஊரின் குடிதண்ணீர், ஓர் இரவு தங்க வருகிறவர் உடம்பு கழுவுவதற்கு இல்லை.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் எடுங்கள். ஓர் இரவுதான் என்றாலும் இரண்டு நாள் தண்ணீர். நாலு பேருக்கு 20 லீற்றர் கான் இரண்டு. ஒன்றைத் திறக்காமல் நிழலில், பாதி மணலுக்குள் புதைத்து வையுங்கள். சட்டி பானையைக் கடல் தண்ணீரும் மணலும் போட்டுத் தேய்த்து, கடைசியில் ஒரு கோப்பை நல்ல தண்ணீரால் அலசினால் போதும். உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் படுங்கள்.

காற்றைக் கேட்காமல் நாள் குறிப்பது

மேற்குக் கரைக்குச் சோளகம் பொல்லாதது, கிழக்கே முல்லைத்தீவுப் பக்கத்துக்கு வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. போனில் வானிலை பாருங்கள், ஆனால் கடைசிச் சொல் படகோட்டியுடையது. அவர் "கடல் பெரிசு" என்றால் வாதாடாதீர்கள். திரும்புகிற படகை விடியற்காலைக்குச் சொல்லுங்கள். வெயில் ஏற ஏறப் பெரும்பாலும் காற்றும் ஏறும்.

கூடார முளை

கூடாரத்தோடு வருகிற கம்பி முளை மணலில் நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள்.

ஆமை கரையேறினால்

லைற்றை அணையுங்கள். முட்டையைத் தொடாதீர்கள்.

திருக்கை

ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி நடந்தால் அது விலகிப் போய்விடும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் காலை வைத்தால் வலி குறையும். அப்புறம் வைத்தியசாலைதான்.

கரையில் கிடக்கும் இரும்பு

போர் நடந்த கரை இது. என்னவென்று தெரியாத எதையும் தொடாதீர்கள்.

சொல்லாமல் போவது

எத்தனை பேர், எந்தப் படகு, எப்போது திரும்புவது என்று ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். கூடாரத்தை எங்கே அடிக்கலாம் என்றும் அவர்களையே கேளுங்கள். வலை காயப்போடுகிற இடமும் படகு ஏற்றுகிற இடமும் வெளியாள் கண்ணுக்கு வெறும் மணலாகத்தான் தெரியும்.