ஆய்வுக் கட்டுரையைக் காசு கொடுக்காமல் படிப்பது எப்படி

அக்கா மகள் கடலூரில் பி.எஸ்சி. படிக்கிறாள். சுனாமியின்போது பிச்சாவரம் பக்கம் சுரபுன்னைக் காடு (மாங்குரோவ்) ஊர்களைக் காப்பாற்றியதா என்று கட்டுரை எழுத வேண்டுமாம். "மாமா, எதைத் திறந்தாலும் முப்பது டாலர் கேட்குது" என்று வந்து நின்றாள். கட்டாதே என்று சொல்லிவிட்டேன், ஆனால் வழியைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விட்டது.

முதலில், ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலருக்குப் போய் ஆங்கிலத்தில் தேடுங்கள். முடிவின் வலது ஓரத்தில் பி.டி.எஃப். என்று இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதை அழுத்துங்கள். கட்டுரையை எழுதியவர்களே தங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டுவைத்த பிரதி சில சமயம் அங்கே இருக்கும்.

அடுத்து, கம்ப்யூட்டர் பிரவுசரில் அன்பேவால் (Unpaywall) என்ற நீட்சியை, அதாவது எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இதுதான் பிடித்தது. கட்டுரைப் பக்கத்தைத் திறந்ததும் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரிந்தால், சட்டப்படியே இலவசப் பிரதி இருக்கிறது என்று அர்த்தம்.

நான் மாட்டிக்கொண்டது டி.ஓ.ஐ. எண்ணில். கட்டுரையின் ஆதார் எண் மாதிரி, 10 என்று ஆரம்பித்து ஒரு புள்ளியோடு வரும். நான் வேறொரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலிருந்து அதை எடுத்து, கட்டுரையைத் திறக்கப் போட்டேன். எத்தனை முறை போட்டாலும் 'கிடைக்கவில்லை' என்றே வந்தது. நெட்டைத் திட்டினேன், பிரவுசரை மாற்றினேன், அரை மணி நேரத்துக்கு அப்புறம்தான் பார்க்கிறேன், வாக்கியம் முடிகிற முற்றுப்புள்ளியும் எண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதை அழித்ததும் திறந்துவிட்டது!

துறைவாரியாக இலவசத் தளங்களும் உண்டு: இயற்பியல், கணிதம் என்றால் 1991இலிருந்து இயங்கும் ஆர்க்கைவ் (arXiv), மருத்துவத்துக்கு பப்மெட் சென்ட்ரல், இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. ஆர்க்கைவில் இருப்பவற்றில் பல, சக ஆய்வாளர்கள் இன்னும் சரிபார்க்காதவை, அதை மனதில் வையுங்கள்.

ஒரு கட்டுரை கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். கதிரேசன், ராஜேந்திரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் 18 கடலோரக் குப்பங்களின் கணக்கை வைத்து, காடு சேதத்தைக் குறைத்தது என்று எழுதினார்கள். இவள் அதோடு முடித்துக்கொள்ளப் பார்த்தாள். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே உள்ள 'சைட்டட் பை' என்பதை அழுத்தச் சொன்னேன், அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகள் அதில் வரும். மறு வருடமே அதே இதழில் மறுப்பு: கடலிலிருந்து உள்ள தூரத்தையும் தரையின் உயரத்தையும் கணக்கில் எடுத்தால் காட்டின் பங்கு சொற்பம்தான் என்று. அதே புள்ளிவிவரத்தை இன்னும் இருவர் அலசி, இல்லை, காடு உதவத்தான் செய்தது என்கிறார்கள். அவள் கட்டுரைக்கு இந்தச் சண்டையே போதும்.

பின்சேர்க்கை: போனில் நீட்சி வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போன் குரோமில் அது வராது, 'ஆல் வெர்ஷன்ஸ்' வழியே போங்கள்.

இன்னொன்று. அரசுக் கல்லூரி மாணவர் என்றால் முதலில் நூலகரைக் கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் உங்கள் கல்லூரி இருந்தால், சுமார் 13,000 இதழ்களைக் காசில்லாமல் படிக்கலாம். அதிலும் இல்லையென்றால் எழுதியவருக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள். கட்டுரைச் சுருக்கத்துக்குப் பக்கத்திலேயே முகவரி இருக்கும்.