கோஹிமாவுக்கு முதல் பயணம்: எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது

நாகாலாந்தின் தலைநகரான கோஹிமா, சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் மலை முகட்டை ஒட்டி நீளமாகக் கிடக்கும் சின்ன ஊர். ஊருக்குள் போர் வரலாறு இருக்கிறது. கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் பழைய கிராமங்கள், அதற்கும் மேலே பள்ளத்தாக்கு. முதன்முறை போகிறவர்கள் இந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது. போர் நடந்த இடத்தைப் பார்த்த பிறகு மலையைப் பார்க்கும் பார்வையே மாறும், கால்களும் ஏற்ற இறக்கத்துக்குப் பழகிவிடும்.

1. அனுமதிச் சீட்டு

வெளி மாநிலத்து இந்தியர்களுக்கு ‘இன்னர் லைன் பெர்மிட்’ கட்டாயம். நாகாலாந்து அரசின் இணையதளத்தில் அடையாள அட்டை, புகைப்படம் கொடுத்து விண்ணப்பிக்கலாம். டிக்கெட் போட்ட கையோடு இதையும் முடித்து, இரண்டு பிரதி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விதிகள் வேறு. அவர்கள் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

2. நாள் குறிப்பது

கிறிஸ்தவர்கள் மிகுந்த ஊர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கடை, டாக்சி எல்லாம் கிட்டத்தட்ட ஓய்ந்துவிடும். திங்கள் வந்து சனி கிளம்பினால் சிக்கல் இல்லை. குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும், அதனால் தினமும் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். டிசம்பர் 1 முதல் 10 வரை ஹார்ன்பில் திருவிழா நடக்கும். அப்போது போவதானால் அறையை மாதக்கணக்கில் முன்கூட்டியே பிடித்தாக வேண்டும். அமைதியாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது அக்டோபர் கடைசி, நவம்பர்.

3. போய்ச் சேருவது

விமானமோ ரயிலோ, இறங்க வேண்டிய இடம் திமாப்பூர். சென்னையிலிருந்து கொல்கத்தா அல்லது குவாஹாத்தி வழியாக வரலாம். திமாப்பூரிலிருந்து கோஹிமா சுமார் 70 கிலோமீட்டர். ஷேர் டாக்சியும் சுமோவும் ஆள் சேர்ந்ததும் கிளம்பும். மலைப்பாதைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

4. முதல் நாள்: போர்க் கல்லறைத் தோட்டம்

ஊரின் நடுவே கேரிசன் ஹில் சரிவில் இருக்கிறது. 1944 ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை ஜப்பானியப் படையைப் பிரிட்டிஷ் இந்தியப் படை தடுத்து நிறுத்திய இடம் இது. 1,420 கல்லறைகள் படிப்படியாக மேலேறுகின்றன. கீழேயிருந்து அவசரமில்லாமல் ஏறுங்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது. பத்துக் கல்லைப் படிப்பதற்குள் இருபது, இருபத்திரண்டு என்று வயதுகள் மனதைப் பிசையத் தொடங்கிவிடும்.

மேலே ஏறியதும் டென்னிஸ் மைதானம். அந்த நாளில் டெபுடி கமிஷனர் பங்களாவைச் சேர்ந்தது. ஒரு பக்கம் ஜப்பானியர், மறுபக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, நடுவே இந்த மைதானம் மட்டும். கைக்குண்டு எறியும் தூரத்தில் வாரக்கணக்கில் சண்டை நடந்திருக்கிறது. ஆடுகளத்தின் வெள்ளைக் கோடுகளை இன்றும் பார்க்கலாம். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கும் இங்கே நினைவுச் சின்னம் உண்டு. பலர் இதைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் தேடிப் போய்ப் பாருங்கள். ஜப்பானியரோடு இந்தியாவுக்குள் வந்த நேதாஜியின் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் நிறையப் பேர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நேரமிருந்தால் மாநில அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம்.

5. இரண்டாம் நாள்: கோனோமா

மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள அங்காமி நாகர் கிராமம். 1879-80இல் பிரிட்டிஷாரை எதிர்த்துக் கடுமையாகப் போரிட்ட ஊர். கல் கோட்டைகள் இன்றும் நிற்கின்றன. வேட்டையே வாழ்க்கையாக இருந்த இந்த ஊர் மக்கள், 1998இல் தாங்களாகவே காட்டைச் சரணாலயமாக்கி வேட்டையை நிறுத்தினார்கள். நுழைவுக் கட்டணம் செலுத்தி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் அழைத்துக்கொள்ளுங்கள். இங்கே நிலமும் காடும் ஊர்மக்களுடையவை. அவர்கள் கூட வந்தால்தான் எந்தக் கல் எதற்கு நட்டது என்பது விளங்கும்.

வயல் ஓரத்து ஆல்டர் மரங்களை நின்று கவனியுங்கள். ஆள் உயரத்தில் வெட்டி வெட்டித் தண்டின் தலை முண்டும் முடிச்சுமாகத் தடித்திருக்கும், அதிலிருந்து புதுக் கிளைகள் கொத்தாக எழும்பும். கிளை விறகுக்கு. வேர் மண்ணில் தழைச்சத்தைச் சேர்ப்பதால் நிலம் வளம் குன்றுவதில்லை.

6. மூன்றாம், நான்காம் நாள்: ட்ஸூகோ பள்ளத்தாக்கு

தெற்கே போகும் வழியில் கிசாமா என்ற பாரம்பரிய கிராமத்தில் அரை மணி நேரம் இறங்குங்கள். ஒவ்வொரு நாகா இனத்தின் ‘மொருங்’ எனப்படும் இளைஞர் கூடமும் அங்கே வரிசையாக இருக்கும்.

பள்ளத்தாக்கு சுமார் 2,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜக்காமா கிராமத்திலிருந்து ஏறும் வழி செங்குத்து. புதியவர்களுக்கு விஸ்வேமா கிராமத்து வழிதான் சரி: கொஞ்ச தூரம் வண்டி ஏறும், அப்புறம் செங்குத்தான கல்படிகள், அதைத் தாண்டினால் மூங்கில் புதர்களுக்கிடையே பெரும்பாலும் சமதளப் பாதை. மேலே விடுதியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் இறங்குங்கள். போர்வை வாடகைக்குக் கிடைக்கும், ஆனாலும் குளிர்காலத்தில் உறைபனி படியும் என்பதால் கம்பளிச் சட்டை, டார்ச், பிடிப்புள்ள ஷூ அவசியம். லில்லி பூக்கும் ஜூன், ஜூலையில் மழையும் அட்டையும் சேர்ந்தே இருக்கும். குப்பையைக் கையோடு கீழே கொண்டுவாருங்கள். நெருப்பு மூட்டவே கூடாது. 2020 டிசம்பர் கடைசியில் பிடித்த தீ இரண்டு வாரம் போல எரிந்தது.

சாப்பாடு

சோறும் புகைபோட்ட பன்றிக்கறியும்தான் பிரதானம். சைவம் என்றால் பருப்பு, வேகவைத்த கீரை, காய் கிடைக்கும். நாகா மிளகாய்ச் சட்னியை மட்டும் விரல் நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் திமாப்பூர் சாலையில் மண்சரிவு வரும். அந்த மாதங்களில் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவே திமாப்பூர் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.