ஜப்பானியக் கைவினைக் கத்தி சேகரிப்பவர்கள் பணத்தைக் கோட்டைவிடும் இடங்கள்

அலகு முழுக்க அலை அலையாக வரி ஓடுவதைப் பார்த்து மயங்கி வாங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 'டமாஸ்கஸ்' என்று விற்கிறார்களே, அந்த வரி பெரும்பாலும் மேல்போர்வைதான், வெட்டுகிற வேலையைச் செய்வது நடுவில் இருக்கும் எஃகு. அப்படி அடுக்கி ஒட்டிய தகடு ஆலையிலேயே தயாராகக் கிடைக்கிறது, மலிவான சிலவற்றில் வரியை லேசரால் பொறித்தே விடுகிறார்கள். அழகுக்காக வாங்கினால் சரி, அபூர்வம் என்று நினைத்துக் காசைக் கொட்டாதீர்கள்.

அபூர்வம் என்றால் ஹொன்யாக்கி. முழு அலகும் ஒரே எஃகு. முதுகில் களிமண்ணைக் கனமாகவும் வாய்ப் பக்கம் மெல்லிசாகவும் பூசி, காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார்கள். மண் கனத்த இடம் மெதுவாக ஆறுவதால் அவ்வளவாக இறுகாது, வாய் சட்டென்று குளிர்ந்து கெட்டியாகிவிடும், இரண்டுக்கும் நடுவே புகைபடிந்த மாதிரி ஒரு கோடு விழும். அதுதான் ஹமோன். தண்ணீரில் தோய்க்கும்போது விரிசல் விட்டு வீணாவது சகஜம், விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். கசுமி வகையிலும் ஒரு கோடு தெரியும், ஆனால் அது மெல்லிரும்பும் எஃகும் ஒட்டிய இடம், அவ்வளவே. இதை ஹமோன் என்று நம்பி ஹொன்யாக்கி விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். முதுகையும் பிடியை ஒட்டிய பகுதியையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், இரண்டு உலோகம் இருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும்.

அலகில் வெட்டியிருக்கும் பெயர் கொல்லருடையது என்று நினைப்பது இன்னொன்று. ஒசாகா பக்கத்துச் சக்காயில் இரும்பை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் வேறொருவர், பிடி போடுபவர் மூன்றாமவர். பெயரோ பல நேரம் மொத்த வியாபாரியுடையது. அதனால் அடித்தது யார், சாணை பிடித்தது யார், எஃகு வேறு உலோகம் சேர்க்காத கார்பன் எஃகான ஷிரோகாமியா, குரோமியமும் டங்ஸ்டனும் சேர்ந்த ஆவோகாமியா என்று கேளுங்கள், மழுப்பினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கத்திக்குப் பேர்போன இன்னொரு ஊரான எச்சிசெனுக்கு 1979இலும் சக்காய்க்கு 1982இலும் ஜப்பான் அரசின் மரபுக் கைவினை அங்கீகாரம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது அந்த ஊர்த் தொழிலுக்குக் கிடைத்தது, ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கிற ஒவ்வொரு கத்திக்கும் அல்ல.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, பழைய கத்தியை 'புதுசு மாதிரி' ஆக்குகிறேன் என்று மோட்டார் சாணையில் கொடுப்பது! சூட்டில் வாயின் கெட்டித்தன்மை போய்விடும், மங்கலான மெருகும் அழியும். மீன் சீவும் யனகிபா போன்ற ஒருபக்கச் சாணைக் கத்தி என்றால் கேட்கவே வேண்டாம், பின்புறத்தில் இருக்கும் லேசான குழிவைத் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டால் சேகரிப்பவர் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார். சிவப்புத் துருவை மட்டும் பக்குவமாக எடுங்கள். காலப்போக்கில் படிந்த சாம்பல், நீல நிறம் எஃகுக்குக் காவல், அது இருக்கட்டும்.

அப்புறம், தோல் உறையில் போட்டு வருஷக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். துடைத்துக் காயவைத்து, கமேலியா எண்ணெயை மெல்லிசாகத் தடவி வையுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துவிடும்.