மஞ்சாடி, கொன்றை, கழற்சி: முளைக்க மறுக்கும் விதைகளை வீட்டிலேயே முளைக்க வைக்கும் முறை

மஞ்சாடி விதையை ஒரு வாரம் தண்ணீரில் போட்டு வைத்தாலும் போட்டபடியே சிவப்பாகப் பளபளவென்று கிடக்கும். விதை செத்துப்போச்சு என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகவில்லை, அவ்வளவுதான். மஞ்சாடி, சரக்கொன்றை, வாகை, கழற்சி இவற்றின் மேல்தோலில் குச்சி குச்சியான செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி நிற்கின்றன. மேலே மெழுகுப் படலம் வேறு. காட்டில் இந்தத் தோல் மாட்டு வயிற்றில் ஊறியோ, தீயில் சூடுபட்டோ, வெயிலும் மழையுமாக மண்ணில் கிடந்தோ மெல்ல மெல்லத் தளரும். மாதக்கணக்கில் நடக்கும் அந்த வேலையை நாம் கையால் செய்கிறோம்.

முதலில் விதை பொறுக்குவது. மஞ்சாடி நெற்று வெடித்து முறுக்கிக்கொண்டதும் விதை மரத்தடியிலேயே சிதறிக் கிடக்கும், பொறுக்கினால் போதும். கொன்றைக் காயை உடைத்து, கறுப்புப் பிசினைக் கழுவி எடுக்க வேண்டும். குண்டூசி நுழைகிற அளவு ஓட்டை இருந்தால் அது வண்டு குடைந்த விதை, கழித்துவிடுங்கள். கொன்றையில் இது நிறையவே வரும்.

அடுத்தது தேய்ப்பது. பாதி வேலை இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். ஹார்டுவேர் கடையில் 80 அல்லது 100 நம்பர் உப்புத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்சிக்கு அது போதாது, சின்ன அரம் வேண்டும். ஒவ்வொரு விதையிலும் நெற்றோடு ஒட்டியிருந்த இடத்தில் தொப்புள் மாதிரி ஒரு தழும்பு தெரியும். முளைவேர் அதன் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். உப்புத்தாளைத் தரையில் விரித்து, விதையை விரலால் அழுத்தி முன்னும் பின்னும் இழுங்கள். மஞ்சாடியில் முதலில் பளபளப்பு போகும், பிறகு சிவப்பு போகும், அதற்கும் கீழே வெளிறிய புள்ளி ஒன்று தெரியும். அந்தப் புள்ளி கடுகளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பருப்பு வரைக்கும் குடைந்தால் விதை மண்ணில் அழுகிப்போகும்.

பள்ளிக்கூடத்தில் கழற்சிக்காயைத் தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைத்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. இன்னும் கொஞ்சம் விடாமல் தேய்த்திருந்தால் அன்றைக்கே முளைக்கப் போட்டிருக்கலாம். கழற்சி ஓடு நல்ல தடிமன். விதையைத் துணியில் சுற்றிக் குறடால் பிடித்துக்கொண்டு அரத்தை ஓட்டுங்கள். வெறும் விரலில் பிடித்தால் வழுக்கி நகம்தான் தேயும்.

தேய்த்ததைச் சாதாரணத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். தண்ணீர் குடித்த மஞ்சாடி நிறம் மங்கி, ஏறக்குறைய இரண்டு மடங்கு பருத்து, தொட்டால் வழவழவென்று இருக்கும். பருத்ததை உடனே விதைத்துவிட வேண்டும், மேலும் ஊறினால் மூச்சுமுட்டிக் கெட்டுவிடும். பருக்காததை வீச வேண்டாம். துடைத்து, தேய்த்த இடத்திலேயே இன்னும் கொஞ்சம் தேய்த்து மறுபடி போடுங்கள்.

நிறைய விதை இருந்தால் ஒவ்வொன்றாகத் தேய்க்க முடியாது. கொன்றை, வாகை, தீவன மரமான சூபாபுல் இவற்றுக்கு வெந்நீர் போதும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, விதையைக் கொட்டி, தானாக ஆறும்வரை விட்டுவிடுங்கள். விதையைப்போல் நாலைந்து மடங்கு தண்ணீர் இருக்கட்டும். அடுப்பில் வைத்தே கொதிக்கவிட்டால் விதை வெந்துவிடும். வெந்நீரில் எல்லா விதையும் ஒரேபோலத் திறக்காது, சில அப்படியே இருக்கும். கையில் பத்து விதைதான் இருக்கிறதென்றால் உப்புத்தாளே நல்லது.

நாற்றங்கால்களில் அடர் கந்தக அமிலத்தில் முக்கி எடுப்பதுண்டு. வீட்டில் அது வேண்டவே வேண்டாம். குமரி மாவட்டத்தில் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் உறைய வைக்க வீட்டில் ஆசிட் இருக்குமே, அதைப் போட்டால் என்ன என்று தோன்றலாம். அது ஃபார்மிக் ஆசிட், இதற்கு உதவாது.

விதைக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. அடியில் ஓட்டை போட்ட சிரட்டை போதும். ஆற்றுமணலும் தென்னைநார்த் தூளும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி, விதையின் உயரத்துக்கு மண் மூடுகிற ஆழத்தில் வையுங்கள். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. ஆடிச் சாரல் நேரத்தில் இறவாரத்துக்குக் கீழே வைத்தால் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் குறையும். கோழிக்கு எட்டாத இடமாக இருக்கட்டும். மஞ்சாடியும் கொன்றையும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைகாட்டும், கழற்சி தாமதிக்கும்.

தாமரைக்கும் இதே வழிதான், மண் மட்டும் வேண்டாம். தோவாளைச் சந்தைக்குப் பூப் பறித்துக் கொடுப்பவர்களிடம் சொல்லிவைத்தால் காய்ந்த பொகுட்டு, அதாவது விதை இருக்கும் பூவின் நடுப்பகுதி, கிடைக்கும். கறுத்து இறுகிய விதையாகப் பார்த்து எடுங்கள். தண்ணீரில் மிதப்பது பெரும்பாலும் சொத்தை. ஒரு முனையில் சின்னக் கூர் இருக்கும், மறுமுனையில் குழி. குழிப்பக்கத்தைத் தேயுங்கள், உள்ளே வெளிர்மஞ்சள் தெரிந்ததும் நிறுத்துங்கள். கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, வெயில் படும் ஜன்னலில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு வாரத்துக்குள் பச்சைத் தண்டு சுருண்டு எழும். இந்த ஓடு எத்தனை காலம் தாங்கும் என்பதற்குச் சீனாவில் ஒரு சான்று உண்டு. வற்றிப்போன ஏரிப் படுகையில் கிடைத்த, ஏறக்குறைய 1,300 ஆண்டுப் பழைய தாமரை விதை முளைத்ததை 1995-இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

கல் மாதிரி இருக்கும் எல்லாமே இந்த வகை இல்லை. கடலோரப் புன்னைக்கு மேலோடு உடையும்படி மெதுவாகத் தட்டி, பருப்பை மட்டும் விதைக்கலாம். மூன்று வாரத்தில் முளைக்கக்கூடியது, ஓட்டோடு போட்டால் இரண்டு மாதம்வரை இழுக்கும். தேக்குக் கொட்டையை இரவில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, ஒன்றிரண்டு வாரம் மாறி மாறிச் செய்வார்கள்.

குன்றிமணியை மட்டும் தேய்க்காதீர்கள். அதில் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. ஓடு முழுசாக இருக்கும்வரை நஞ்சு உள்ளேயே அடைபட்டிருக்கும், தேய்த்தால் தூளாக வெளியே வந்துவிடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதை வளர்க்கவும் வேண்டாம்.

நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும், ஐப்பசி மழைக்கு முன்னால் மண்ணில் இறக்கிவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். கொன்றையை முற்றத்தில் வைக்கலாம். மஞ்சாடி பெரிய மரம், விளையின், அதாவது தோப்பின், ஓரம்தான் அதற்குச் சரி. கழற்சியை எங்கே வைப்பது என்று விதை தேய்க்கும் முன்பே யோசித்துவிடுங்கள். தண்டு, இலைக்காம்பு, காய் எல்லாவற்றிலும் முள் உள்ள கொடி அது. ஆடு மாடு நுழைகிற வேலி இருந்தால் அங்கே நடுங்கள்.