பிராங்கியோலைட்டிஸ் வழிகாட்டுநெறியை வார்டு நடைமுறையாக்குவது எப்படி?

மூக்கொழுகலில் தொடங்கி இரண்டு மூன்று நாட்களில் இருமலும் இளைப்புமாக மாறும், கைக்குழந்தைகளின் நுரையீரல் சிறுகுழாய்களை வைரஸ் தாக்குவதால் வரும் பிராங்கியோலைட்டிஸ் நோய்க்கு வழிகாட்டுநெறிகள் பஞ்சமில்லாமல் இருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல் திருத்தி வெளியிட்டதும், பிரிட்டனில் மருத்துவ நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்டு 2021-இல் புதுப்பித்ததும் அவற்றுள் முக்கியமானவை. இரண்டுமே பெரும்பகுதி எதையெல்லாம் செய்ய வேண்டாம் என்றே சொல்கின்றன என்பதால், படித்து ஒப்புக்கொள்கிற மருத்துவர்கூட இரவுப் பணியில் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்.

ஆகவே முதல் வேலை, நெறியை ஒரே பக்கத்துக்குச் சுருக்குவது. மார்பு எக்ஸ்ரே, சால்பியூட்டமால், அட்ரினலின் நெபுலைசர், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் ஆகிய ஐந்தும் வழக்கமாகத் தேவையில்லை என்று எழுதி, காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் தசை இறுகுகிறது, சால்பியூட்டமால் அதைத் தளர்த்துகிறது. இங்கோ வைரஸ் தாக்கி வீங்கிய உட்சுவரும் உதிர்ந்த செல்களும் சளியும் சேர்ந்து சிறுகுழாய்களை அடைத்திருப்பதால், தளர்த்துவதற்கு அதிகம் இல்லை. எக்ஸ்ரே எடுத்தால், சளியடைப்பால் சுருங்கிய பகுதி நிமோனியா போலத் தெரிந்து, தேவையற்ற ஆன்டிபயாடிக்கில் கொண்டுபோய் விடும்.

விதிவிலக்குகளும் அதே பக்கத்தில் இருக்கட்டும். காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தாலோ, நுரையீரலில் ஒரே இடத்தில் கரகரப்பு தொடர்ந்து கேட்டாலோ நிமோனியாவை நினைக்க வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு அடிக்கடி இளைப்பு வந்திருந்தால் இந்த நெறியே அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

அடுத்து, மதிப்பீடு எல்லோர் கையிலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது, சட்டையை விலக்கி, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது இந்த வயதில் நம்பத்தக்கதல்ல. நைஸ் நெறிப்படி 60-க்கு மேல் போனாலோ, வழக்கமான பாலில் பாதி முதல் முக்கால் அளவே குடித்தாலோ மருத்துவமனைக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்க வேண்டும்; 70-க்கு மேல் போனாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, முனகினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ அது அவசரம். மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், இதயக் கோளாறோ எதிர்ப்புசக்திக் குறைபாடோ உள்ளவர்கள் ஆகியோரை ஒரு படி கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

ஆக்ஸிஜனில்தான் சச்சரவு அதிகம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆக்ஸிஜன் தருவது என்பதற்கு அமெரிக்க நெறியின் வரம்பு 90 சதவீதம். நைஸ் அதே 90-ஐ ஏற்றாலும், ஆறு வாரத்துக்கு உட்பட்டவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் 92 என்கிறது. ஒன்றைத் தேர்ந்து, கட்டில் தலைமாட்டில் எழுதிவையுங்கள். எழுதாவிட்டால், நன்றாகத் தூங்கும் குழந்தைக்கு நள்ளிரவில் எண் 89-ஐத் தொட்டு உடனே மீண்டாலும், அலாரம் கேட்டு ஆக்ஸிஜன் குழாய் ஏறிவிடும். வீடு திரும்புவதும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

உண்மையில் உதவுவது பால்தான். மூச்சிரைப்பால் குடிக்க முடியாத குழந்தைக்கு மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாயில் பால் கொடுங்கள். மூக்கடைப்பு பால் குடிப்பதைத் தடுத்தால், குடிப்பதற்கு முன் மூக்குச் சளியை மென்மையாக உறிஞ்சுங்கள்.

பக்கம் தயாரானதும் சுவரில் ஒட்டிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் 26 மருத்துவமனைகளில் 2017-இல் நடந்த ஆய்வு, மேற்சொன்ன ஐந்தையே அளவுகோலாக வைத்தது. நெறியை வெறுமனே பெற்ற மருத்துவமனைகளில் முதல் 24 மணி நேரம் ஐந்தையும் தவிர்த்தது சுமார் 73 சதவீதக் குழந்தைகளுக்கு. அவசரப் பிரிவிலும் வார்டிலும் மருத்துவர், செவிலியர் இருவரையும் பொறுப்பாளர்களாக்கி, பயிற்சி தந்து, தணிக்கை முடிவைத் திருப்பிக் காட்டிய இடங்களில் 85 சதவீதம். உங்கள் வார்டில் சென்ற பருவத்துக் கேஸ் ஷீட்டுகள் இருபதை எடுத்து, இந்த ஐந்தில் எது, யார் கையில், எந்த நேரத்தில் தொடங்கியது என்று எண்ணுங்கள். முதல் நெபுலைசர் அவசரப் பிரிவில் ஏறி, வார்டு அதைக் கேள்வியின்றித் தொடர்ந்திருந்தால், திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அவசரப் பிரிவு. சேர்க்கைப் படிவத்தில் நெபுலைசர் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தால், ஆயிரம் வகுப்பைவிட அந்த வரியை நீக்குவதே பலன் தரும்.

பெற்றோரை மறந்தால் எல்லாம் குலையும். மருந்தே தரவில்லையே என்று தாய் கேட்பது நியாயமான கேள்வி. மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை நோய் உச்சத்தில் இருக்கும் என்றும், இருமல் மூன்று வாரம் வரை நீளலாம் என்றும் முதல் நாளே சொல்லுங்கள். பால் குடித்த அளவையும் நனைந்த துணிகளின் எண்ணிக்கையையும் அவரையே குறித்துவரச் சொன்னால், குழந்தை தேறுவதை அந்தத் தாளில் அவரே காண்பார்.